நகராத பச்சைக் கோடு... வாய்க்கால் கணக்கில் வழி சொன்ன அப்பா!

"தாயி, இந்தப் பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது. ஷட்டரைப் பூட்டிட்டுத் தூங்கப் போகவா, இல்ல முழிச்சிருக்கவா?"

மார்கழி மாதத்து இரவு பதினொன்றரை மணிக்கு அப்பாவிடமிருந்து வந்த போன் இது. நான் சென்னையில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். அப்பா அருப்புக்கோட்டையில், எங்கள் ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பச்சைக் கோடு என்று அவர் சொன்னது, ஃபைல் காப்பி ஆகும்போது திரையில் வருமே, அந்தக் கோடு. ஒரு கல்யாணத்தின் மொத்த வீடியோவையும் ஒரு சிஸ்டத்திலிருந்து பின்னறையில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 'இன்னும் 6 மணி நேரம்' என்று காட்டியதாம்.

"தூங்கப் போங்கப்பா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றேன்.

"கரன்ட் போச்சுன்னா?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று அப்பா ஸ்டூடியோ பெஞ்சிலேயேதான் படுத்திருந்தார் என்று காலையில் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு ரீ-டேக் கிடையாது

எங்கள் ஸ்டூடியோ 1994-ல் அப்பா ஆரம்பித்தது. அப்போதெல்லாம் ஃபிலிம் ரோல்தான். எடுத்து முடித்ததும் டப்பாவில் போட்டு மதுரை லேபுக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். இப்போது ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வீடியோ கேமரா, ஒரு ஸ்டில் கேமரா, ஒரு ட்ரோன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது 300 ஜிபிக்கு மேல் கையில் இருக்கும். போனில் டவுன்லோடு செய்து பார்க்கிற சினிமா ஒன்றரை ஜிபி என்று வைத்துக்கொண்டால், இருநூறு சினிமா!

கடையில் நான்கு சிஸ்டம். இரண்டு வீடியோ எடிட்டிங்குக்கு, ஒன்று ஆல்பம் டிசைனிங்குக்கு, ஒன்று பில் போட. பின்னறையில் நான்கு ஹார்டு டிஸ்க் பூட்டிய பழைய சிஸ்டம் ஒன்று. அதைத்தான் சர்வர் என்போம். "சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவருதானே?" என்று அம்மா கேட்பார். வேலையும் ஏறக்குறைய அதுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது. எங்கள் சர்வரிடம் ஒரே ஒரு குறை. இட்லி கேட்டால் மறுநாள் வரும்.

அதனால் கடையில் ஒரு குறுக்கு வழி உருவாகியிருந்தது. யாரும் நெட்வொர்க்கை நம்புவதில்லை. ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி, எடிட்டர் அண்ணன் மேஜையிலிருந்து ஆல்பம் டிசைன் செய்யும் அக்கா மேஜைக்கு, அங்கிருந்து இன்னொரு மேஜைக்கு எனக் கையில் கொண்டுபோவார்கள். வேலை முடிந்த பிறகு, ராத்திரியில், சாவகாசமாக சர்வருக்கு அனுப்புவார்கள். அதைத்தான் அப்பா அன்று காவல் காத்தது.

இந்தக் குறுக்கு வழி போன ஐப்பசியில் எங்களைக் கவிழ்த்தது.

திருச்சுழியில் ஒரு கல்யாணம். திருமேனிநாதர் கோயிலில் தாலி கட்டு. மணப்பெண்ணின் அப்பத்தாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேத்தி நெற்றியில் திருநீறு பூசி, அவளை இழுத்துக் காதில் என்னவோ சொன்னார். பேத்தி சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாவே எடுத்த ஷாட் அது. "இந்த வருசத்துலயே இதுதான் தாயி நல்ல ஷாட்" என்று எனக்கு போனில் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் அந்த அப்பத்தா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்டுக் காட்ட அந்த வீடியோ வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான், அந்தக் கல்யாணம் இருந்த போர்ட்டபிள் டிஸ்க் என் தம்பி கையிலிருந்து நழுவி சிமென்ட் தரையில் விழுந்திருந்தது. சொருகினால் 'டிக்... டிக்...' என்று சத்தம் மட்டும் வந்தது. சர்வருக்கு இன்னும் அனுப்பவில்லை. மெயின் கேமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது.

இரண்டாவது கேமராவின் கார்டு மட்டும் எப்படியோ அழிக்கப்படாமல் பையில் கிடந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்த காட்சி கிடைத்தது. ஆனால் மைக் இருந்தது மெயின் கேமராவில். அப்பத்தா காதில் என்ன சொன்னார் என்பது போய்விட்டது.

அப்பா ஒரு பெரிய படம் பிரின்ட் போட்டு ஃபிரேம் மாட்டி, தானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். "பரவாயில்ல மாமா, அப்பத்தா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாளாம் அந்தப் பெண். அந்த வார்த்தையை அப்பா எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவள் திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பார்.

தம்பி அதற்குப் பிறகு கடையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். கோயம்புத்தூரில் வேலை தேடுகிறான் என்று அம்மா சொன்னார்.

இரண்டு லட்சத்து பதினைந்தாயிரம்

"இனிமே எவனும் டிஸ்க்கைத் தூக்கிட்டு நடக்கக் கூடாது" என்று அப்பா முடிவெடுத்தார். மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு ஒரு கொட்டேஷன் கொடுத்தார். புது சர்வர், புது சுவிட்ச், கடை முழுக்கப் புது கேபிள், எல்லாம் சேர்த்து 2,15,000 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியிருந்த பொருள்கள் எல்லாம் நல்ல பொருள்கள்தான். இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்குச் சரியான கணக்கு அது.

அம்மா பீரோவைத் திறந்து ஐந்து பவுன் செயினை எடுத்து டேபிளில் வைத்துவிட்டார். "பேங்க்ல வைங்க, தை முகூர்த்தம் முடிஞ்சதும் திருப்பிக்கலாம்." எங்கள் வீட்டில் கேமரா, கலர் பிரின்டர் எல்லாமே அந்த செயின் வழியாக வந்தவைதான்.

"ஒரு வாரம் பொறுங்க. பொங்கலுக்கு நான் வர்றேன்" என்றேன்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் டெக் செய்திகளும் எழுதுகிறவள். புது போன் வந்தால் ப்ராசஸர் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று அடுக்குகிறவள். இது ஒரு விஷயமா என்ற நினைப்பு. இரண்டு நாள் படித்தேன். பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்திலிருந்து 25, 100 என்று மேலே போகும்போது, பழைய 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டுகளைக் கழற்றி விற்றுவிடுகின்றன என்று தெரிந்தது. அந்தக் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். நேராக ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கேபிள் மாட்டும் கார்டு மூன்று, ஒவ்வொன்றும் 2,200 ரூபாய். இரண்டு கேபிள் மாட்டும் கார்டு ஒன்று, 3,500 ரூபாய். மூன்று மீட்டர் கேபிள் இரண்டு, 2,800 ரூபாய். பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்குப் போய் இறங்கிய நாள் போகி. பையைப் பிரித்துக் காட்டினேன். அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழச எறியுற நாள்ல பழச வாங்கிட்டு வந்திருக்கியே தாயி!"

மடை, வாய்க்கால், எலி

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அப்பா நிறுத்தினார்.

"முதல்ல வாய்க்கால நடந்து பாத்தியா?"

புரியாமல் விழித்தேன். எங்கள் தாத்தாவுக்குத் திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. கண்மாயில் தண்ணீர் இருந்தும் கடைசி வயலுக்கு வந்து சேராது. உடனே எல்லாரும் மடையை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொல்லிக் கத்துவார்களாம். நீர்ப்பாய்ச்சி மட்டும் அசைய மாட்டாராம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையிலிருந்து கடைசி வயல் வரை வாய்க்காலில் நடந்து பார்ப்பாராம். எங்காவது மண் தூர்ந்திருக்கும், இல்லையென்றால் கரை உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

"அடைப்பு இருக்கையில மடைய அகலமாத் திறந்தா, அடைப்புக்கு இந்தப் பக்கம் இருக்கவன் வயலுதான் முங்கும். அந்தப் பக்கத்துக்காரனுக்கு அதே தண்ணிதான். நீ வாங்கிட்டு வந்தது மடை. அடைப்பு எங்க?"

குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்கும் ஊர் எங்களுடையது. தண்ணீர் விஷயத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு நான், அப்பா, எடிட்டர் அண்ணன் மூவரும் கேபிள் போகும் வழியெல்லாம் நடந்தோம். நடந்தோம் என்பதைவிடத் தவழ்ந்தோம் என்பதுதான் சரி. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் அடைப்பு, எல்லா கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் பாக்ஸ். 2009-ல் வாங்கியது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 100 மெகாபிட்தான்.

இரண்டாவது அடைப்பு, பீரோவுக்குப் பின்னால். கேபிளை எலி கடித்திருந்தது. யாரோ எப்போதோ ஒட்டுப்போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடியாக இருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பி போதும். 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் வேகத்துக்கு எட்டுமே வேண்டும். ஒட்டுப்போட்டவர் நான்கை மட்டும் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். லைட் எரிந்தது, ஃபைல் போனது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது அடைப்புக்குச் செலவே இல்லை. மெமரி கார்டு ரீடரை சிஸ்டத்தின் முன்பக்கம் பழைய யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருந்தார்கள். பின்பக்கம் நீல நிற ஓட்டை காலியாக இருந்தது. மாற்றிச் சொருகியதும் கார்டிலிருந்து இறங்கும் நேரம் பாதிக்கும் கீழே போனது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நெட்வொர்க் வேகத்தைச் சொல்வது 'பிட்'டில், ஃபைல் அளவைச் சொல்வது 'பைட்'டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான். நடைமுறையில் 11 எம்பி கிடைக்கும். 320 ஜிபி கல்யாணம் ஒன்றை இந்த வேகத்தில் அனுப்ப எட்டு மணி நேரம் ஆகும். அப்பாவின் பச்சைக் கோடு பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ஊரிலேயே 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று 1,600 ரூபாய்க்கு வாங்கினோம். நல்ல செம்புக் கம்பி கேட்-6 கேபிளும் ஜாக்குகளும் 1,500 ரூபாய். கேபிள் வாங்கும்போது எடிட்டர் அண்ணன் ஒரு முனையை பிளேடால் சுரண்டிப் பார்த்தார். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள்களும் மார்க்கெட்டில் உண்டு. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இது உள்ளே வரை செம்பாகவே இருந்தது.

இரவு ஒன்பது மணிக்கு அதே 320 ஜிபியை அனுப்பிப் பார்த்தோம். நொடிக்கு 112 எம்பி. எட்டு மணி நேரம் 48 நிமிடமானது. செலவு 3,100 ரூபாய்.

என் 2,200 ரூபாய்த் தப்பு

"மூவாயிரத்து நூறுல முடிஞ்சிருச்சே. அப்ப நீ வாங்கிட்டு வந்த கார்டு எதுக்கு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை யோசிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

எங்களுக்கு வேண்டியது வேகமான காப்பி இல்லை. காப்பியே எடுக்காமல், டிஸ்க்கைத் தூக்காமல், எல்லாரும் சர்வரில் இருக்கும் ஒரே ஃபைலை வைத்து வேலை பார்ப்பது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 4கே வீடியோவை இரண்டு மூன்று கேமராவோடு ஓட்டிப் பார்த்து வெட்டினால் 112 எம்பி போதாது. திக்கும். திக்கினால் என்ன செய்வார்கள்? மறுபடி போர்ட்டபிள் டிஸ்க்கை எடுப்பார்கள். வேலை மெதுவாக இருந்தால் ஆட்கள் குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள். எங்கள் அப்பத்தா வீடியோ போனது அந்தக் குறுக்கு வழியில்தான். 10 கிகாபிட் எங்களுக்கு வேண்டியது அதற்காகத்தான், சொகுசுக்காக இல்லை.

மறுநாள் பொங்கல் வைத்து முடித்த கையோடு கார்டுகளைப் பூட்ட உட்கார்ந்தோம். 10 கிகாபிட் சுவிட்ச் வாங்கினால் தனிச் செலவு. அதனால் சுவிட்சே இல்லாமல், சர்வரில் இரண்டு கேபிள் மாட்டும் கார்டு, அதிலிருந்து இரண்டு எடிட்டிங் சிஸ்டங்களுக்கும் நேர் கேபிள் என்று திட்டம். இந்த கேபிள்கள் இரண்டு முனையிலும் உலோகத் தலை வைத்த குட்டையான செம்பு கேபிள்கள். சில மீட்டர் தூரத்துக்கு மட்டும்தான் சரிவரும். எங்கள் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கமே எடிட்டிங் மேஜை என்பதால் மூன்று மீட்டர் தாராளம். தூரம் அதிகம் என்றால் ஃபைபர்தான் போட வேண்டும்.

இரண்டு எடிட்டிங் சிஸ்டத்திலும் கார்டு உட்கார்ந்தது. மூன்றாவது கார்டை ஆல்பம் டிசைன் சிஸ்டத்துக்கு என்று வாங்கியிருந்தேன். திறந்தால், அதில் இருந்த ஒரே நீளமான ஸ்லாட்டில் கிராஃபிக்ஸ் கார்டு. மிச்சமிருந்தது விரல் நகம் அளவு சின்ன ஸ்லாட். கார்டு உட்காராது. கேபிள் நீளத்தை தம்பியிடம் அளக்கச் சொன்ன நான், ஸ்லாட்டை போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்கவில்லை. 2,200 ரூபாய் போச்சு.

ஆல்பம் அக்காதான் என்னைத் தேற்றினார். "எனக்கு எதுக்கும்மா அவ்வளவு வேகம்? நான் போட்டோதான பாக்குறேன். நேத்து போட்ட கேபிளே பறக்குது!" உண்மை. கடையில் எல்லாருக்கும் ஒரே வேகம் தேவையில்லை என்பதையே நான் யோசிக்கவில்லை. பில் போடுகிற சிஸ்டத்துக்கு அந்தப் பழைய 100 மெகாபிட்கூடப் போதும்.

இத்தோடு முடியவில்லை. இரண்டு சிஸ்டமும் சர்வரோடு 10 கிகாபிட்டில் இணைந்துவிட்டதாகத் திரை காட்டியது. காப்பி போட்டால் அதே 112 எம்பி! அரை மணி நேரம் தலையைச் சொறிந்தோம். விஷயம் இதுதான்: இப்போது சர்வருக்கு இரண்டு வழி. ஒன்று சுவிட்ச் வழியாகப் பழைய பாதை, ஒன்று நேர் கேபிள். சிஸ்டம் பழக்க தோஷத்தில் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. புது கேபிளின் இரண்டு முனைக்கும் தனி ஐபி முகவரி கொடுத்து, அந்த முகவரி வழியாகவே சர்வர் ஃபோல்டரைத் திறக்கும்படி மாற்றிய பிறகுதான் புது வழியில் ஓடியது.

ஓடியும் 150 எம்பிதான்! நொடிக்கு 1,000 எம்பிக்கு மேல் போகக்கூடிய வழியில் 150. இந்தத் தடவை நான் பதறவில்லை. வாய்க்காலில் நடந்தேன். நெட்வொர்க்கை மட்டும் தனியாக அளக்க 'ஐபெர்ஃப்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் கேபிளை மட்டும் சோதிக்கும். அதில் 9 கிகாபிட்டுக்கு மேல் காட்டியது. அப்படியென்றால் கேபிள் சுத்தம். அடைப்பு சர்வரின் ஹார்டு டிஸ்க்கில். சுற்றுகிற தட்டு அவ்வளவுதான் கொடுக்கும்.

களமும் குதிரும்

விடுமுறை முடிந்து கடைகள் திறந்ததும் மதுரைக்கு பஸ் ஏறி ஒரு 2 டிபி எஸ்எஸ்டி 11,000 ரூபாய்க்கும், அதை சர்வரில் பொருத்த 600 ரூபாய்க்கு ஒரு அடாப்டரும் வாங்கி வந்தேன். இந்தத் தடவை கிளம்பும் முன் சர்வரைத் திறந்து ஸ்லாட்டை போட்டோ எடுத்துக்கொண்டேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

எல்லா ஃபைலையும் எஸ்எஸ்டியில் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. தேவையும் இல்லை. அப்பாவுக்கு விளக்க இந்தத் தடவை நானே வயலுக்குப் போனேன். "எஸ்எஸ்டி களம் மாதிரிப்பா. ஹார்டு டிஸ்க் குதிர் மாதிரி. அடிக்கிற நெல்லு மட்டும் களத்துல கிடக்கட்டும். வேலை முடிஞ்சதும் குதிருக்குப் போயிரணும்." அப்பா சிரித்தார். இப்போது நடந்துகொண்டிருக்கும் மூன்று நான்கு கல்யாணங்கள் மட்டும் எஸ்எஸ்டியில். முடிந்தவை இரவில் தானாகவே ஹார்டு டிஸ்க்குக்கு நகர்ந்துவிடும்.

அன்று 320 ஜிபி, 11 நிமிடத்தில் போனது. நொடிக்கு 500 எம்பி. இப்போது அடைப்பு எடிட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் பழைய வகை எஸ்எஸ்டியில் இருக்கிறது. தெரிந்தேதான் விட்டுவிட்டோம். எங்கள் வேலைக்கு இது போதும். வாய்க்காலில் எங்காவது ஓர் இடம் குறுகலாகத்தான் இருக்கும். அந்த இடத்தைத் தாண்டி வரும் தண்ணீர் கடைசி வயலுக்குப் போதுமா என்பதுதான் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த செகண்ட் ஹேண்டு கார்டுகள் ஏசி அறையில், ஃபேன் இரைச்சலுக்கு நடுவில் வாழ்ந்தவை. எங்கள் ஊர் வெயில் அவற்றுக்குப் புதுசு. கையை வைத்தால் சுட்டது. 300 ரூபாய்க்கு ஒரு சின்ன ஃபேன் வாங்கி, சர்வர் கார்டுக்கு நேராக டை போட்டுக் கட்டினார் எடிட்டர் அண்ணன். சித்திரை வெயிலுக்குள் தூசி தட்டிவிட வேண்டும் என்று காலண்டரில் குறித்திருக்கிறோம்.

கடைசிச் செலவுதான் முக்கியமானது. 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, 9,600 ரூபாய். கல்யாணம் முடிந்து வந்த இரவே ஃபைல்கள் சர்வருக்குப் போகும், அப்போதே இந்த டிஸ்க்குக்கும் போகும். டிஸ்க் கடையில் இருக்காது. வீட்டு பீரோவில், அம்மாவின் செயின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று தம்பி நோட்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெமரி கார்டை அழிக்கலாம். இது அப்பா போட்ட சட்டம். சர்வர் வேகமானதால் மட்டும் அதில் இருப்பது பத்திரமாகிவிடாது. ஆனால் எட்டு மணி நேரம் ஆனபோது யாரும் செய்யாத காப்பியை, 11 நிமிடம் ஆகும்போது எல்லாரும் செய்கிறார்கள்.

உங்கள் கடைக்கு?

மொத்தச் செலவு 37,500 ரூபாய். என் தப்புக் கார்டையும் சேர்த்துத்தான். நான் வாங்கியபோது இருந்த விலைகள் இவை. நீங்கள் வாங்கும்போது மாறியிருக்கலாம்.

எல்லாருக்கும் இவ்வளவும் தேவைப்படாது. ஜவுளிக் கடை, மளிகை, மெடிக்கல் என்று பில்லும் ஸ்டாக்கும் மட்டும் ஓடும் இடங்களில் ஒழுங்கான கிகாபிட் சுவிட்சும் நல்ல கேபிளும் போதும். டிசைன், பிரின்டிங், வீடியோ என்று பெரிய ஃபைல்கள் புழங்கும் கடைகளுக்குத்தான் அதற்கு மேல். நடுவில் இன்னொரு படியும் உண்டு. 2016-ல் தரநிலை வந்த 2.5 கிகாபிட். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்ல கேட்-5இ கேபிளிலேயே ஓடும் என்பது அதன் வசதி. அதற்கான கார்டுகள் சின்ன ஸ்லாட்டிலும் உட்காரும்.

இந்த ஈதர்நெட் என்பதே வயதான தொழில்நுட்பம். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973-ல் இதை எழுதி வைத்தபோது, நொடிக்கு 3 மெகாபிட்கூடக் கிடையாது. செம்புக் கம்பியில் கிகாபிட் ஓடும் தரநிலை 1999-லேயே வந்துவிட்டது. எங்கள் கடையின் பீரோவுக்குப் பின்னால் மட்டும்தான் அது வந்து சேரவில்லை.

வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சிஸ்டத்தின் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் வேகம் 100 என்று காட்டுகிறதா, 1,000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்றால் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். 1,000 காட்டியும் ஃபைல் மெதுவாகப் போனால் டிஸ்க்கைப் பாருங்கள். மாற்றுவதை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு அளந்து நோட்டில் எழுதுங்கள். அப்புறம் ஸ்லாட்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்!

செயின் பீரோவிலேயே இருக்கிறது. தம்பி கோயம்புத்தூர் போவானா, மாட்டானா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை. தை முகூர்த்தத்தில் ஒன்பது கல்யாணம் இருந்தது. ஒன்பதுக்கும் நோட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது. உட்காராத அந்த 2,200 ரூபாய்க் கார்டைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். யார் கேட்டாலும், "எங்க அக்கா பத்திரிகையில டெக் நியூஸ் எழுதுறாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறானாம். சிரிக்கிறான் என்பதே எனக்குப் போதும்.

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு அப்பா போன் செய்தார். பின்னால் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது.

"தாயி, இன்னைக்கு ஒரு கல்யாணம் முடிஞ்சு வந்தோம். மாப்பிள்ளையோட தாத்தா பேசுனாரு. ரெண்டு இடத்துலயும் ஏத்தியாச்சு. பச்சைக் கோடு வந்ததும் தெரியல, போனதும் தெரியல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளைகிட்ட அப்பத்தா என்ன சொல்லுச்சோ..." என்றார்.